சொம்பில் வெட்டிய பேர்

என் சமையலறை மேடையில் ஒரு பித்தளைச் சொம்பு இருக்கிறது. கழுத்துக்குக் கீழே புள்ளி புள்ளியாக ஒரு பேர் வெட்டியிருக்கும். தண்ணீர் குடித்துவிட்டு வைக்கும்போதெல்லாம் அந்தப் பக்கம் சுவரைப் பார்க்கும்படி திருப்பி வைப்பேன். யார் பார்த்து என்ன கேட்டுவிடுவார்களோ என்ற பயத்தில் ஆரம்பித்தது. பயத்துக்குக் காரணமானவள் போய்ச் சேர்ந்துவிட்டாள். கை மட்டும் பழகிவிட்டது.

அவள் என் மாமியார். உயிரோடு இருந்தவரை 'நீங்க, வாங்க' என்றுதான் பேசினேன். எழுத உட்கார்ந்தால் 'அவள்' என்றுதான் வருகிறது. திருச்சி பெரிய கடைவீதிக்குப் பின்னால் இருந்த அந்த வீட்டுக்கு ஐம்பதுகளின் நடுவில் வையம்பட்டியிலிருந்து வாழ வந்தேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவள் நான். அந்த வீட்டுப் பெண்களில் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தவளும் நான் ஒருத்திதான். அதையே ஒரு குற்றமாக வைத்திருந்தாள். மளிகைப் பொட்டலத் தாளைக் கொஞ்சம் உற்றுப் பார்த்தால் போதும், "கலெக்டரம்மாவுக்கு உலை வைக்க நேரமில்லையாக்கும்" என்பாள். எதற்கெடுத்தாலும் நெஞ்சு அடித்துக்கொள்ளும் சுபாவம் எனக்கு. படியில் செருப்புச் சத்தம் கேட்டாலே இன்றைக்கு என்ன தப்புச் செய்தோம் என்று யோசிப்பேன். அது அவளுக்குத் தெரியும். அதனாலேயே மெதுவாக ஏறுவாள்.

மாமனார் பேர் யூசுப். நான் வந்த மறு வருஷம் மவுத்தாகிவிட்டார். கட்டியவர் பேரைப் பெண்கள் வாயால் சொல்வதில்லை என்பது அன்று எல்லா வீட்டிலும் இருந்த வழக்கம்தான். அவளோ அதைத் தொழுகையைப் போலக் காத்தாள். அவரை அடக்கிய பிறகும் அந்தப் பேர் அவள் நாக்கில் வரவில்லை. யாராவது கேட்டால், கீழ்வீட்டில் குடியிருந்த கிறிஸ்தவத் தையல்காரரைக் கைகாட்டி, "அவர் பேருதான். அவங்க சூசைம்பாங்க, நம்மள்ல வேற மாதிரி சொல்லுவோம்" என்று முடித்துவிடுவாள். கேட்டவர்கள் யூசுப் என்று புரிந்துகொள்வார்கள்.

என் மகன் மிஷன் ஆஸ்பத்திரியில் பிறந்தான். தாத்தா பேர்தான் வைக்கப்போகிறோம் என்று நான் சொன்னதும் நர்ஸம்மா, "அப்ப இவன் எங்க ஜோசப்பு" என்று கொஞ்சினார். பார்க்க வந்த மாமியார் காதில் அது விழுந்தது. ஏழாம் நாள் பள்ளிவாசல் ஹஜ்ரத் வந்து காதில் பாங்கு சொல்லி யூசுப் என்று பேர் வைத்த பிறகும், "ஆஸ்பத்திரியிலேயே ஞானஸ்நானம் பண்ணிக்கிட்டு வந்த புள்ள" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொன்னாள்.

பிள்ளை பெற்ற நாற்பதாம் நாள் நான் தலைக்குக் குளித்த அன்று சொந்தக்காரப் பெண்கள் கூடியிருந்தார்கள். பேரனுக்கென்று வாங்கி, பேர் வெட்டிக்கொண்டு வந்த சொம்பை மாமியார் கூடத்தின் நடுவில் வைத்தாள். வெட்டியவர் ஸ்ரீரங்கத்துக்காரர், பாத்திரக் கடை வாசலில் நெற்றி நாமத்தோடு உளியும் சுத்தியலுமாக உட்கார்ந்திருப்பார். சொம்பு கைமாறி என்னிடம் வந்தது. "படிச்சவளாச்சே, சத்தமாப் படி" என்றாள்.

சூசை என்று இருந்தது. திரும்பத் திரும்பப் பார்த்தேன். யூசுப் என்று சொல்லிவிடலாமா என்றுகூடத் தோன்றியது. சாயங்காலம் வீட்டுக்காரர் வந்து படித்தால் பொய்க்காரி ஆகிவிடுவேன். இருந்ததை இருந்தபடி படித்தேன். யாரோ ஒருத்தி களுக்கென்று சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்புதான் மாமியாருக்குத் தாங்கவில்லை. ஆள் விட்டுப் பேரை மாற்றச் சொன்னவள் நான்தான் என்று தீர்மானித்துவிட்டாள். வாசல்படி தாண்டாதவள் யாரை விட்டிருப்பேன் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. தோல் மண்டி வேலை முடிந்து தன் மகன் வந்ததும் அவரிடம் சொன்னாள்: "விடிஞ்சதும் இவளை வையம்பட்டி பஸ்ல ஏத்திவிட்டுட்டு வா. புள்ள இங்க இருக்கட்டும்."

அவர் மாட்டேன் என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. நான் பிள்ளையை மடியிலிருந்து இறக்கவே இல்லை. இவன் பசித்து அழுதால் யார் எடுப்பார்கள், எனக்குப் பால் கட்டிக்கொண்டால் என்ன செய்வது என்று மாற்றி மாற்றி அதே யோசனைதான். காலையில் அவர் சொம்பைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு தனியாகக் கிளம்பி, ஸ்ரீரங்கத்தில் அந்த ஆளின் வீட்டுக்கே போய்விட்டு வந்தார். வந்ததும் சொம்பை அம்மாவின் முன்னால் வைத்தார்.

"அவர்கிட்ட என்ன பேரும்மா சொன்னீங்க?"

"அவங்க பேரை நான் எப்படிச் சொல்லுவேன்? கீழ்வீட்டு சூசை பேருதான்னேன். மிச்சம் அவனுக்குத் தெரிய வேணாமா?"

ஸ்ரீரங்கத்துக்காரர் சொன்ன பேரை வெட்டிக் கொடுத்திருக்கிறார், அவ்வளவுதான். வீட்டுக்காரர் வேலைக்குப் போய்விட்டார். மாமியார் என் முகத்தைப் பார்க்காமல், "உலை கொதிக்குது பாரு" என்றாள். பஸ் பேச்சு அதோடு நின்றது. தப்பு என்னுடையது என்று நம்பிப் போன பெண்களிடம் அதைத் திருத்திச் சொன்னாளா என்றால், இல்லை.

யூசுப் என்று அவளால் பேரனைக் கூப்பிட முடியாது. கொஞ்ச நாள் 'டேய்' என்றாள். பிறகு சூசை என்று கூப்பிட ஆரம்பித்தாள். எந்தப் பேருக்காகப் பிள்ளையை என்னிடமிருந்து பிரிக்கப் பார்த்தாளோ, அதே பேர். அறுபதுகளின் கடைசியில் கண்ணை மூடும்வரை தெருவெல்லாம் கேட்கக் கூப்பிட்டாள். அக்கம்பக்கத்தில் அதைப் பாசம் என்றார்கள். ஒவ்வொரு தரம் கேட்கும்போதும் எனக்கு அந்தக் கூடமும் சிரிப்பும்தான் ஞாபகம் வந்தன.

போன வாரம் மகன் யூசுப்பின் மகள், என் பேத்தி, வந்திருந்தாள், நிறைமாசம். போனைப் பார்த்துக்கொண்டே, "யூசுப், ஜோசப், ஜோசே, ஔசேப்பு, எல்லாம் ஒரே பேருதானாம் நன்னிம்மா. அத்தா பேரையே ஏதாவது ஒரு தினுசுல வைக்கலாமா?" என்றாள். இதற்கும் எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. "உன் மாமியார் வாயில வர்ற பேரா பாரு" என்றேன். என்னமோ ஜோக் என்று நினைத்துச் சிரித்தாள். பிறகு சொம்பை எடுத்துத் தண்ணீர் குடித்து, வெட்டிய பக்கம் வெளியே தெரியும்படி வைத்துவிட்டுப் போனாள்.

அவள் ஆட்டோ கிளம்பும் சத்தம் கேட்கும்வரை பொறுத்திருந்தேன். அப்புறம் எழுந்துபோய்ச் சொம்பைச் சுவர்ப்பக்கம் திருப்பினேன்.