ஒரு கிளாஸ் இரும்பன்புளி

எங்கள் ஊரில் யாராவது சேனைக்கிழங்கைப் பச்சையாகக் கடித்துப் பார்ப்பார்களா? மாட்டார்கள். தொண்டை அரித்து ஊரைக் கூட்டும் என்று எல்லோருக்கும் தெரியும். சேனைக்குள் கால்சியம் ஆக்சலேட் ஊசி ஊசியாக இருக்கிறது. நாக்கில் குத்தி, வேண்டாம் என்று அந்த நிமிடமே சொல்லிவிடுகிறது. அந்த மட்டில் அது யோக்கியமான கிழங்கு. என் கோபம் இரும்பன்புளி மேல். அதைவிடக் கோபம், அதை மிக்சியில் அடித்து, வடிகட்டி, ஒரு சிட்டிகை உப்பும் போட்டு என் கணவர் கையில் கொடுத்தவள் மேல். கொடுத்தவள் நான்.

நான் வெள்ளறடைப் பக்கம் ஒரு மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் டீச்சர். இதையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் என் கோபம் யாருக்கும் புரியாது.

இரும்பன்புளி எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு ஒரு மரம் நிற்கும். விரல் நீளத்தில் பச்சைக் காய், அடிமரத்திலேயே கொத்துக் கொத்தாகத் தொங்கும். கடித்தால் பல் கூசும். சாளை மீன் குழம்பில் நாலைந்து காய் கீறிப் போட்டால் குழம்பு ஜோராக இருக்கும். அவ்வளவுதான் அதற்கும் எங்களுக்கும் உள்ள உறவு. இன்னொரு உறவைச் சொல்ல விட்டுப்போயிற்று. எங்கள் சபையில் அறுப்பின் பண்டிகைக்கு முந்தின நாள், பெண்கள் சங்கத்தார் காணிக்கைத் தட்டுகளைத் துலக்குவது இதை வைத்துத்தான். பச்சை பிடித்த பித்தளையில் காயை நறுக்கித் தேய்த்தால் போதும், களிம்பு கழன்று தட்டு மின்னும். நானும் வருடா வருடம் உட்கார்ந்து தேய்த்திருக்கிறேன். அது ஆக்சாலிக் அமிலத்தின் வேலை என்று பக்கத்தில் இருந்தவர்களுக்குப் பெருமையாக விளக்கியும் இருக்கிறேன்.

அறுப்பின் பண்டிகையில் அவரவர் விளைச்சலைக் கொண்டுவந்து ஆலயத்தில் படைப்போம். ஆராதனை முடிந்ததும் எல்லாம் ஏலத்துக்கு வரும். வாழைக்குலை, மரச்சீனிக் கிழங்கு, சேவல், தேங்காய். இரும்பன்புளிக் கூடையை மட்டும் ஒருவரும் சீந்த மாட்டார்கள். எல்லோர் வீட்டிலும் கீழே கொட்டிக் கிடக்கிற காயை யார் கேட்பார்கள்? அந்த வருடம் ஏலம் விட்டவர் கமிட்டிக்காரர் ஒருவர், என் கணவரோடு ஒரே பெஞ்சில் படித்தவர். கூடையைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு மைக்கில் சொன்னார்.

"எல்லாரும் கேளுங்க. இது வெறும் புளி இல்ல மக்கா, மருந்தாக்கும். கொலஸ்ட்ரால் உள்ளவங்க காலத்தே வெறும் வயத்தில ஒரு கிளாஸ் ஜூஸ் குடிச்சா மதி, வேற ஒண்ணும் வேண்டாம். வாட்ஸப்பில வந்தத நான் எல்லாருக்கும் அனுப்பியும் உண்டு."

சபையே சிரித்தது. என் கணவர் கையைத் தூக்கினார். பாறசாலையில் எலக்ட்ரிக்கல் கடை வைத்திருக்கிறார் அவர். அந்த மாதம்தான் கொலஸ்ட்ரால் கூடுதல் என்று ரிப்போர்ட் வந்திருந்தது. டாக்டர் கொடுத்த மாத்திரை, போட்டால் கால் கடுக்கிறது என்று டப்பாவோடு அலமாரியில் உட்கார்ந்திருந்தது. "நம்ம மரத்திலயே காய் கொட்டிக் கிடக்குதே, இத என்னத்துக்கு எடுத்தீங்க?" என்று கேட்டேன். "ஆலயத்துக்குப் போற காசுதானே" என்றார். மறுநாள் காலையில் ஜூஸ் அடித்துத் தரச் சொல்லிக் கிளாசை நீட்டினார்.

நான் ஏன் மறுக்கவில்லை? இந்தக் கேள்வியை என்னை நானே கேட்காத நாள் இல்லை. காய்தானே என்று நினைத்தேன். மாத்திரையை விடக் காய் நல்லது என்ற அந்த முட்டாள்தனமான எண்ணம், படித்தவர் படிக்காதவர் என்று பார்க்காமல் எங்கள் எல்லோர் மண்டைக்குள்ளும் குடியிருக்கிறது. சாளைக் குழம்பில் கிடப்பது நாலு காய். கிளாசுக்குள் போனது ஒரு கிண்ணம் நிறையக் காய். குழம்பில் என்றால் மீனும் முள்ளும் சோறும் கூடவே போகும். அதிலுள்ள கால்சியம் வயிற்றுக்குள்ளேயே ஆக்சலேட்டைப் பிடித்து வெளியே தள்ளிவிடும். வெறும் வயிற்றில் பிடிப்பதற்கு என்ன இருக்கிறது? அமிலம் நேரே ரத்தத்துக்குப் போகும். அங்கே உள்ள கால்சியத்தோடு சேர்ந்து சிறுநீரகத்தில் கல்லாக உட்காரும். இப்போது எவ்வளவு அழகாக விளக்குகிறேன் பாருங்கள். எனக்கே எரிச்சலாக இருக்கிறது.

அந்த வாரம் லேபில் பெர்மாங்கனேட் டைட்ரேஷன். ஆக்சாலிக் அமிலக் கரைசலை ஒரு மாணவி பிப்பெட்டில் வாய் வைத்து உறிஞ்சிவிட்டாள். ஒரு துளிதான் நாக்கில் பட்டிருக்கும். "துப்பு! விஷமாக்கும் அது, அறிவில்லையா ஒனக்கு?" என்று லேபே நடுங்கும்படி கத்தினேன். வாயைக் கழுவ வைத்து, ஒரு மணி நேரம் பக்கத்திலேயே உட்கார வைத்தேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்து, மறுநாள் ஜூசுக்கு நல்ல காயாகப் பார்த்துப் பறித்தேன்.

ஆறாம் நாள் அவருக்கு வாந்தி. கூடவே நிற்காத விக்கல். கடைச் சாப்பாடு பிடிக்கவில்லை என்று நினைத்தோம். மறுநாள் இடுப்பு வலி, மூத்திரம் சொட்டுச் சொட்டாகப் போயிற்று, அதுவும் நின்றது. மெடிக்கல் காலேஜுக்குக் கொண்டு போனோம். கிரியாட்டினின் ஏறிக்கிடந்தது. அங்கிருந்த டாக்டர் சின்ன வயதுப் பெண். வலி மாத்திரை ஏதாவது சாப்பிட்டாரா, நாட்டு மருந்து, பச்சிலை, கஷாயம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். "ஒண்ணும் இல்ல டாக்டர்" என்றேன். என் கணவரும் இல்லை என்று தலையாட்டினார். மறுநாளும் கேட்டார்கள், மறுநாளும் இல்லை என்றோம். நான் பொய் சொல்லவில்லை. மருந்து கேட்டார்கள், மருந்தை யோசித்தேன். ஜூஸ் என் நினைவில் வரவே இல்லை.

சிறுநீரகத்தில் ஊசி போட்டுச் சதை எடுத்துப் பார்த்தார்கள். அந்தப் பெண் வந்து, "உள்ளே முழுக்க கால்சியம் ஆக்சலேட் படிகம்" என்றார்.

எத்தனை வருடமாக அதை நான் சோதனைக் குழாயில் பார்க்கிறேன்! கால்சியம் உப்புக் கரைசலில் அம்மோனியம் ஆக்சலேட்டை ஊற்றினால் வெள்ளையாகக் கலங்கி அடியில் படியும். பிள்ளைகள் "வந்தாச்சு டீச்சர்" என்று குழாயைத் தூக்கிக் காட்டுவார்கள். டாக்டர் அடுத்த கேள்வி கேட்பதற்கு முன்பே என் வாய் சொல்லிவிட்டது: "இரும்பன்புளி. ஆறு நாளு. நான்தான் அடிச்சுக் குடுத்தேன்." அவர் என்னைப் பார்த்த பார்வையில் திட்டு இல்லை. திட்டியிருக்கலாம்.

டயாலிசிஸ் செய்தார்கள், பல தடவை. உயிர் தங்கியது. மூத்திரம் திரும்ப வந்தது. ஆனால் சிறுநீரகம் பழையபடி ஆகவில்லை, ஆகாது என்றும் சொல்லிவிட்டார்கள். பார்க்க வந்த கமிட்டிக்காரர் கட்டில் பக்கம் நின்று ஜெபம் பண்ணிவிட்டு, "எல்லாம் கர்த்தருக்க சித்தம் டீச்சரே" என்றார். கர்த்தரா மிக்சி போட்டார் என்று வாய் வரை வந்தது. ஊரில் பேச்சு வேறு மாதிரி. தண்ணீர் சேர்க்காமல் குடித்திருப்பார், காய் முற்றியிருக்காது, எங்கள் சித்தப்பா ஒரு மாதம் குடித்து ஒன்றும் ஆகவில்லையே. காயைத் தவிர எல்லாவற்றின் மேலும் குற்றம் இருந்தது.

அடுத்த அறுப்பின் பண்டிகைக்கு அவரும் வருவேன் என்று அடம் பிடித்து வந்தார். வாழைக்குலை போயிற்று, சேவல் போயிற்று. பிறகு அதே கமிட்டிக்காரர் கையில் அதே காய், இன்னொரு கூடை. மருந்து என்று இந்தத் தடவை அவர் சொல்லவில்லை. ஆனால் பின்வரிசையில் இருந்து ஒருவர், "சுகர் உள்ளவங்களுக்கும் கொள்ளாம், நல்லதுன்னு சொல்லுகாங்களே" என்றார். இன்னொருவர் கையைத் தூக்கினார். எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. எழுந்தேன்.

நான் வாயைத் திறப்பதற்குள் என் கணவர் எழுந்துவிட்டார். "டீச்சர் அண்ணைக்கே வேண்டாம்னு சொன்னா. நான் கேக்கல. அவ ஸ்கூலுக்குப் போன பின்னே நானே அடிச்சு, அளவு தெரியாம குடிச்சு இந்த நோவ வருத்தி வச்சேன்" என்றார்.

சபைக்கு நிம்மதியாகிவிட்டது. அளவு தெரியாமல் குடித்தால்தான் கெடுதல், அளவாகக் குடித்தால் ஒன்றும் ஆகாது. கை தூக்கியவர் கையை இறக்கவில்லை.

"பொய்" என்றேன். மைக் இல்லாமலே கடைசி வரிசை வரை கேட்டிருக்கும். "இவரு சொல்லுகது பொய். அடிச்சது நான், வடிகட்டினது நான், உப்பு போட்டது நான். கெமிஸ்ட்ரி படிச்ச எனக்கே தெரியல, ஒங்களுக்கு என்ன அளவு தெரியும்? நேத்தைக்குக் காணிக்கைத் தட்டுல களிம்பு எடுத்தோமே, அது இந்தக் காயாக்கும். அதையா வெறும் வயத்தில ஊத்துகது?"

கமிட்டிக்காரர் கூடையை மேசைக்கு அடியில் வைத்தார். தூக்கின கை இறங்கியது. அடுத்து ஒரு பூசணிக்காய் ஏலத்துக்கு வந்தது.

ஆட்டோவில் திரும்பி வந்தோம். வீட்டு நடையில் இறங்கினதும் அவர் சொன்னார்.

"நாலு பேருக்கு முன்னால ஒனக்கு ஒரு குறைச்சல் வரப்பிடாதுன்னுதான் நான் சொன்னேன். ஆஸ்பத்திரியில வச்சும் அதுதான். டாக்டர் மொதல்ல கேட்டப்பவே எனக்கு ஜூஸ்ல சம்சயம் உண்டு. நீ பக்கத்தில நிக்கும்போ, கெமிஸ்ட்ரி டீச்சர் கையால குடிச்சேன்னு எப்படிச் சொல்லுகது?"

காரணம் தெரியாமல் டாக்டர்கள் தடுமாறினார்களே, அந்த இரண்டு நாள்! "எனக்க மானத்துக்கு ஒங்க கிட்னிய எடுத்து வைக்கச் சொன்னது யாரு?" என்று கத்தினேன். பக்கத்து வீட்டில் விளக்குப் போட்டுப் பார்த்தார்கள். பார்க்கட்டும். இன்று வரை அந்தக் கோபம் எனக்கு ஆறவில்லை, ஆற விடவும் மாட்டேன்.

ஆனால் அவரிடம் சொல்லாத ஒன்று உண்டு. அன்றைக்கு அவர் டாக்டரிடம் ஜூஸ் என்று சொல்லியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று எனக்கு நன்றாகத் தெரியும். டீச்சர் குரலில், "அது வெறும் காய்தானே டாக்டர்" என்று சொல்லியிருப்பேன்.