விண்கலத்தை மறைத்த தேர்

ஒரு விண்வெளித் தொடரின் கடைசிப் பகுதியைப் பார்ப்பதற்காக, கேபிள்காரர் மனைவியின் பட்டு ஜாக்கெட்டைப் பிடித்து வைத்தவர் என் அம்மா. நம்பாதவர்கள் அரியலூரில் எங்கள் தெருவுக்கு வந்து விசாரித்துக்கொள்ளலாம்.

அப்போது நான் பிளஸ் ஒன் படித்துக்கொண்டிருந்தேன். அப்பாவுக்கு ரெட்டிபாளையம் பக்கம் சிமெண்ட் ஆலையில் ஷிப்ட் வேலை, அம்மாவுக்கு வீட்டிலேயே தையல். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தெருப் பெண்கள் மூன்று பேர் ஜாக்கெட்டுக்கு ஹூக் வைத்துக் கொடுக்க வருவார்கள். கேபிள்காரரின் மனைவியும் சும்மா பேசிக்கொண்டிருக்க வந்துவிடுவார். அந்த நேரத்தில் ஓர் ஆங்கில சேனலில் அந்தப் பழைய தொடரை மறுஒளிபரப்பு செய்தார்கள். வழி தவறிப் போன விண்கலம் ஒன்று பூமிக்குத் திரும்பப் பார்க்கும். வாரத்துக்கு ஒரு கிரகத்தில் மாட்டிக்கொள்ளும். அவ்வளவுதான் கதை.

மொழிபெயர்ப்பு என் பொறுப்பு. தமிழ் மீடியத்துக்காரியான எனக்குப் பாதி புரியும், மீதியை நானே சேர்த்துக்கொள்வேன். தட்டிக் கேட்க அங்கே ஆளில்லை. அம்மாவின் கண் எப்போதும் அவர்கள் உடுப்பில்தான் இருக்கும். எல்லோருக்கும் ஒரே துணியில் தைத்திருப்பதையும், கை இறுக்கமாக இருந்தும் அக்குளில் கிழியாததையும் பார்த்துப் பொருமுவார். விண்கலத்தில் ஒருவர்கூடச் சமைக்காதது மற்றவர்களுக்கு உறுத்தியது. கேபிள்காரரின் மனைவிக்கு மட்டும் ஒரே கவலை. கேப்டன் தன் சின்னப் பெண்ணை விட்டுவிட்டு வந்தவர். அந்தக் குழந்தையின் படம் திரையில் வரும்போதெல்லாம் இவர் கண்ணைத் துடைத்துக்கொள்வார்.

இப்படி மாதக்கணக்கில் பார்த்துக் கடைசிப் பகுதிக்கு வந்தோம். மணி மூன்றானதும் டிவியைப் போட்டால், கல்லங்குறிச்சிப் பெருமாள் கோயில் தேர் ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் கேபிள்காரருக்கு அந்தப் பழக்கம் உண்டு. ஊரில் தேர், காதுகுத்து, கல்யாணம் எது நடந்தாலும் வீடியோ எடுத்து, யாரும் பார்க்காத சேனல் என்று அவருக்குத் தோன்றும் ஒன்றின் மேல் போட்டுவிடுவார். சாமித் தேர் என்பதால் அம்மாவால் வாய்விட்டுத் திட்டவும் முடியவில்லை. கன்னத்தில் போட்டுக்கொண்டே பல்லைக் கடித்தார்.

சாயங்காலம் கேபிள்காரர் தெருவில் வந்தபோது அம்மா மறித்துக் கேட்டார். இங்கிலீஷ் சேனலை யார் பார்க்கப்போகிறார்கள் என்று நினைத்ததாக அவர் சொன்னார். தன் வீட்டுக்காரியே பார்க்கிறாள் என்பதுகூட மனிதருக்குத் தெரியாது.

நல்லவேளை, சேனல்காரர்கள் அதே தொடரை மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார்கள். நாங்களும் முதலிலிருந்து உட்கார்ந்தோம். இரண்டாம் முறை என் மொழிபெயர்ப்பு பல இடங்களில் மாறியது. யாருக்கும் அது குறையாகத் தெரியவில்லை.

மறுபடியும் கடைசிப் பகுதி நெருங்கியபோது, கேபிள்காரரின் மனைவி தன் தம்பி கல்யாணத்துக்குப் பட்டு ஜாக்கெட் தைக்கக் கொடுத்தார். திங்கட்கிழமை முகூர்த்தம். அம்மா எல்லாவற்றையும் தைத்து முடித்து, ஹூக்கை மட்டும் வைக்காமல் பீரோவில் பூட்டினார். ஜாக்கெட்டைக் கேட்டுக் கேபிள்காரரே நேரில் வந்தார்.

"ஞாயித்துக்கெழம நாலு மணிக்கு வந்து வாங்கிக்கங்க தம்பி. மூணுலேருந்து நாலு வரைக்கும் அந்த சேனல்ல நீங்க கை வைக்காம இருந்தீங்கன்னா" என்றார் அம்மா.

அவர் கை வைக்கவில்லை. ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை, ஹூக் வைக்கும் பெண்கள் மூவரும் குன்னத்தில் ஒரு மஞ்சள் நீராட்டுக்குப் போக வேண்டியதாயிற்று. கேபிள்காரரின் மனைவிக்குக் கல்யாண வேலை. நான்கு பேரும், நன்றாகப் பார்த்து வைத்துச் சொல்ல வேண்டும் என்று அம்மாவிடம் ஒப்படைத்துவிட்டுப் போனார்கள். அம்மாவையும்தான் குன்னத்துக்கு அழைத்திருந்தார்கள். காய்ச்சல் என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

நானும் அம்மாவும் மட்டும் பார்த்தோம். விண்கலம் ஏதோ ஒரு புகைமண்டலத்திலிருந்து தப்பித்தது. கேப்டன் ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார். எழுத்துப் போட்டுவிட்டார்கள். பூமியும் வரவில்லை, குழந்தையும் வரவில்லை. எடுத்தவர்கள் அத்தோடு நிறுத்திவிட்டார்கள் போலிருக்கிறது. அம்மா என்னை முறைத்தார், நான் ஏதோ மொழிபெயர்க்காமல் விட்டுவிட்ட மாதிரி.

நாலு மணிக்கு ஜாக்கெட்டை வாங்க கேபிள்காரரின் மனைவி ஓட்டமும் நடையுமாக வந்தார். ஜாக்கெட்டைப் பற்றிக் கேட்கவில்லை.

"வந்து சேந்தாங்களாக்கா?"

அம்மா ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டே இருந்தார். பிறகு சொன்னார்.

"வந்துட்டாங்க. எறங்கும்போது நல்ல மழ. அந்தப் புள்ள ஓடியாந்து கால கட்டிக்கிச்சு. வளந்துருச்சு, அவருக்கே அடையாளம் தெரியல."

கேபிள்காரரின் மனைவி அழுதேவிட்டார். மறுநாள் குன்னத்திலிருந்து திரும்பிய மூவருக்கும் அதே மழை, அதே குழந்தை. சோறு போட்டார்களா என்று ஒருத்தி கேட்டதற்கு, ரசம் வரைக்கும் பரிமாறினார் அம்மா.

ஏன் இப்படிப் பொய் சொன்னீர்கள் என்று கேட்டேன்.

"ரெண்டு தடவ ஒக்காந்து பாத்துருக்காளுவ. அத்தன பேரையும் ஆகாசத்துல வுட்டுட்டு வந்தேன்னு நான் எந்த வாயால சொல்றது?"

எனக்கு அன்று அம்மாவை ரொம்பப் பிடித்துப்போனது.

சேனல்காரர்கள் சும்மா இருந்தால்தானே. அடுத்த வருடம் அதே தொடரை மூன்றாவது முறையாகப் போட்டார்கள். இந்த முறை கண்ணாலேயே அந்த மழையைப் பார்த்துவிடலாம் என்று தெருப் பெண்கள் நால்வரும் ஒரு வாரம்கூட விடாமல் வந்தார்கள். கடைசிப் பகுதி நெருங்க நெருங்க அம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை. முந்தின நாள் சனிக்கிழமை கேபிள்காரரின் வீட்டுக்கே போனார், என்னையும் துணைக்கு இழுத்துக்கொண்டு.

"நாளைக்கி மூணு மணிக்கு அந்த சேனல்ல தேரப் போட்டுருங்க தம்பி."

கேபிள்காரர் அம்மாவை மேலும் கீழும் பார்த்தார். "அன்னைக்கி தேரப் போட்டேன்னுதானேக்கா ஜாக்கெட்ட புடிச்சு வெச்சீங்க?"

"பெருமாள் விஷயத்துல அதெல்லாம் பேசக்கூடாது" என்றார் அம்மா.

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு, முதல் முறை பார்த்த அதே கல்லங்குறிச்சித் தேர் நகர்ந்தது. அம்மா தலையை நிமிர்த்தாமல் மிஷினை மிதித்தார். மூவரும் கேபிள்காரரைத் திட்ட ஆரம்பித்தார்கள். அவர் மனைவிதான் தடுத்தார்.

"போனாப் போவுது வுடுங்க. அவங்கதான் வந்து சேந்துட்டாங்கல்ல" என்றபடி தேரைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டார்.