கட்டிலை விட்டு இறங்காத எட்டு நாள்

போன வருஷம் சம்பா நடவு முடிந்த கையோடு, கள்ளக்குறிச்சியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் என் மனைவிக்கு நரம்புச் சுருட்டலுக்கு ஆபரேஷன் நடந்தது. ரிஷிவந்தியம் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் நிலம். இருபது வருஷம் சேற்றிலும் அடுப்படியிலும் நின்று நின்றே அவளுக்குக் கால் நரம்பெல்லாம் புடைத்து, கணுக்காலில் ஆறாத புண் வந்திருந்தது.

காலையில் போனோம். லேசர் வைத்து ஒரு மணி நேரத்தில் முடித்துவிட்டார்கள். தொடை வரைக்கும் இறுக்கமான சாக்ஸ் மாட்டி, சாயங்காலமே வீட்டுக்குப் போகலாம் என்றார் டாக்டர். படுத்தே இருக்கக் கூடாது, இன்றைக்கே நடக்க வேண்டும், தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும் என்று இரண்டு முறை சொன்னார். நானும் பூம்பூம் மாடு மாதிரி தலையை ஆட்டிவிட்டு வந்தேன்.

ஆனால் மனசு ஒப்பவில்லை. காலையில் ஆபரேஷன், சாயங்காலம் நடை என்றால் எவன் நம்புவான்? கட்டில் காலியாக வேண்டுமென்று ஏதோ சொல்கிறார்கள் என்றே நினைத்தேன். எங்கள் பக்கம் ஆபரேஷன் ஆனவர்கள் அசையவே கூடாது. தண்ணீர் குடித்தால் புண் சீழ் வைக்கும் என்பார்கள். போதாக்குறைக்குத் தெருவே ஹார்லிக்ஸும் ரொட்டியுமாகப் பார்க்க வந்துகொண்டிருந்தது. அவர்கள் எதிரில் அவள் நடமாடினால் என்னைத்தானே காறித் துப்புவார்கள்?

அவளைக் கட்டிலை விட்டு இறங்க விடவில்லை. பாத்ரூமுக்குக்கூடக் கைத்தாங்கலாகத்தான். தண்ணீரையும் அரை டம்ளர் அரை டம்ளராகத்தான் கொடுத்தேன்.

"ஏங்க, டாக்டரு நடக்கத்தானே சொன்னாரு? தெருமுனை வரிக்கும் போய்ட்டு வரேங்க" என்பாள்.

"கம்முனு படு. உனுக்கு இன்னா தெரியும்?" என்று அதட்டுவேன். கல்யாணமான நாளிலிருந்து அவளை நான் ஓய்வெடுக்கச் சொன்னதே அப்போதுதான். அந்தப் பெருமை வேறு எனக்கு.

ஆறாம் நாள் கெண்டைக்கால் இழுக்கிறது என்றாள். கால் வீங்கியிருந்தது. ஆறுகிற புண் அப்படித்தான் இழுக்கும் என்று சொல்லி, இன்னொரு தலையணையைக் காலுக்கு வைத்தேன். எட்டாம் நாள் காலை எழுந்து உட்கார்ந்தவள், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அப்படியே சாய்ந்தாள். மூச்சு விட முடியவில்லை. ஆம்புலன்ஸில் போட்டுக்கொண்டு ஓடினோம்.

"வீட்டுல நடந்தாங்களா?" என்றுதான் டாக்டர் முதலில் கேட்டார்.

"ஓரடிகூட நடக்க வுடலீங்க சார்" என்றேன். சபாஷ் என்பார் என்று எதிர்பார்த்தேன் பாருங்கள், அவ்வளவு மடையன் நான்.

அவர் என்னைத் திட்டவில்லை. அசையாமல் கிடந்ததில் காலில் ரத்தம் உறைந்து, அது நுரையீரலில் போய் அடைத்திருக்கும் என்றார். மதியத்துக்குள் அவள் போய்விட்டாள்.

சாவு வீட்டில் பெண்கள், "கால கீழ வெக்க வுடாம பாத்துக்கினாரே! எவளுக்குக் கெடைப்பான் இப்டி ஒரு புருசன்?" என்று என் காதுபடவே சொல்லி அழுதார்கள். டாக்டர் சொன்னதை நான் யாரிடமும் சொல்லவில்லை. ஊரில் இன்னமும் அதையேதான் சொல்கிறார்கள். ஊர் வாய்க்குப் பயந்து அவளைக் கட்டிலில் போட்டு வைத்தேன். அதே ஊர் என்னை நல்லவன் என்று சொல்லும்போதெல்லாம், தெருமுனை வரைக்கும்தானே கேட்டாள் என்று நெஞ்சு வெடிக்கிறது.