நாணு கடையில மட்டும் சீக்கிரம்

லிங்கராஜபுரத்துல நாணுவைத் தெரியாத கல்யாண வீடு கிடையாது. குட்டை ஆளு, தொப்பை, எந்நேரமும் வாயில பீடா. நீலசந்திரா ஏரியாவுல கேபிள் டிவிக்கு ஒயர் இழுத்துக்கிட்டுத் திரிஞ்சவன், ஒருநாள் கேமராவைத் தூக்கிக்கிட்டு வந்து என் வீடியோ கடைக்கு நேர் எதிர்ல கடை போட்டான். எதிர்லயேதான் போடணுமா? பெங்களூர்ல வேற தெருவே இல்லையா?

படம் எடுத்தான்னா கை ஆடும். பொண்ணு மோதிரம் போடுறப்போ பாதிரியார் முதுகை எடுத்து வெச்சிருப்பான். ஆனா காலையில சர்ச்சுல நடந்த கல்யாணத்தை, சாயங்காலம் ரிசப்ஷன்ல பெரிய திரையில போட்டுக் காட்டிடுவான். ஜனம் வாயைப் பிளக்கும். என்கிட்டக் கொடுத்தா மறுநாள்தான். "ஆதிகேசவன் நல்லா எடுப்பாரு, ஆனா லேட்டு"ன்னு தெருவே பேசும். எனக்கு வயிறு பத்திக்கிட்டு எரியும்.

அவன் வெச்சிருந்தது நாலு கோர் கம்ப்யூட்டர். ஒரு பெட்டிக்குள்ள நாலு மூளைன்னு வெச்சுக்குங்களேன். பொண்டாட்டி சாந்தகுமாரி முறைக்க முறைக்க நானும் அதையே வாங்கினேன். எடிட் பண்ணி முடிச்சு, படத்தை டிவிடிக்கு மாத்த எக்ஸ்போர்ட் போட்டா பழைய நத்தைதான். உள்ள பார்த்தா ஒரு கோர்தான் வேலை செய்யுது, மூணு சும்மா கிடக்குது. ரோட்டுல பள்ளம் தோண்டுற மாதிரி, ஒருத்தன் வெட்ட மூணு பேர் வேடிக்கை.

அந்த நேரம் பார்த்து ஆரோக்கியநாதன் என் கடைப்படி ஏறினாரு. அவர் பெரிய பையன் கல்யாணத்தை எடுத்தது நாணு. இப்ப பொண்ணு கல்யாணத்துக்கு என்கிட்ட! "சாயங்காலமே திரையில காட்டணும், முடியுமா?"ன்னாரு. "தாராளமா"ன்னுட்டேன்.

"நாணு வாயிலேர்ந்தே பிடுங்கிட்டேன், பார்த்தியா!"ன்னு சாந்தாகிட்ட மீசையை முறுக்கினேன்.

"பிடுங்கினீங்க சரி, சாயங்காலத்துக்குள்ள எப்படிக் கொடுப்பீங்க? நாணுவைக் கேளுங்க."

"அவனைக் கேட்கிறதுக்கு நாண்டுக்கிட்டுச் சாகலாம்."

"சாவுறது அப்புறம். நான் கேட்டுட்டு வர்றேன்"னு செருப்பை மாட்டிக்கிட்டுத் தெருவைத் தாண்டிட்டா. நான் ஷட்டர் ஓரமா நின்னு பார்த்தேன். அவன் என்னமோ சொல்றான், இவ சிரிக்கிறா. என்கிட்ட அப்படிச் சிரிச்சு எத்தனை வருஷம் ஆச்சு!

திரும்பி வந்து சொன்னா: "'இஷ்டேனா அக்கா, இவ்வளவுதானா'ன்னு கன்னடத்துல பாதி தமிழ்ல பாதியாச் சிரிச்சாரு. நம்ம சாஃப்ட்வேர் பழசாம், ஒரு கோருக்கு மேல தொடத் தெரியாதாம். படத்தை நாலு துண்டா வெட்டி, சாஃப்ட்வேரை நாலு தடவை தனித்தனியாத் திறந்து, ஆளுக்கொரு துண்டு ஓட விடணுமாம். அப்புறம் ஒட்டிக்கலாமாம். ஜோடியை இதயத்துக்குள்ள வெச்சுப் பூ கொட்டுவீங்களே, அந்தப் பூ திரையை மூடுற இடத்துல வெட்டினா ஒட்டு தெரியாதாம்."

அடப்பாவி! அவன் படத்துல அவ்வளவு பூ கொட்டினது இதுக்குத்தானா? ரசனை கெட்டவன்னு நான் ஊரெல்லாம் சொல்லித் திரிஞ்சேனே!

கல்யாணத்தன்னைக்கு அப்படியே செஞ்சேன். நாலு கோரும் முட்டி மோதி ஓடுச்சு. சாயங்காலம் கேக் வெட்டி முடிச்சதும் திரையில படம். மோதிரம் பளிச்சுன்னு தெரிஞ்சுது, பாதிரியார் முதுகு எங்கயும் இல்லை. மண்டபமே கை தட்டுச்சு. நாணு இதைப் பார்க்கணும்னு கூட்டத்துல அவனைத் தேடினேன்.

ஆரோக்கியநாதன் வந்து என் கையைப் பிடிச்சுக்கிட்டாரு. "அசத்திட்டீங்க சார்! முதல்ல நாணுகிட்டதான் போனோம். அவருக்கு இன்னைக்கு ரெண்டு கல்யாணமாம். 'கவலையே படாதீங்க, ஆதிகேசவன்கிட்டப் போங்க, என்னைவிட நல்லா எடுப்பாரு'ன்னு அவர்தான் அனுப்பினாரு."

சாந்தா வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிச்சா.

என்னைப் பத்தி நாலு கெட்டது சொல்லியிருந்தான்னா நிம்மதியா வயிறெரிஞ்சுக்கிட்டு இருந்திருப்பேன். அதையும் கெடுத்துட்டான் பாவி.