அம்மன் தேர்ந்தெடுத்த பாடங்கள்

வேப்பம்பட்டில் எங்கள் வீட்டார் எனக்கு வைத்திருந்த பெயர் நாட்டாமைக்காரி. பள்ளி விடுதியில் நாடகம் போடுவதென்றாலும் சரி, சாம்பாரில் உப்பில்லை என்று வார்டனிடம் போய் நிற்பதென்றாலும் சரி, முதல் ஆளாக நான்தான் நிற்பேன். பட்டணத்துப் பெண்கள் கல்லூரியில் இன்டர்மீடியட் சேர இடம் கிடைத்தபோது என் ஆசையும் அந்தத் திக்கிலேயே ஓடிற்று. ஒரு பள்ளிக்கூடத்தையாவது கட்டி மேய்க்க வேண்டும். அதற்குச் சரித்திரமும் தர்க்கமும் எடுத்துப் படி, நாலு பேரை வைத்து வேலை வாங்க அதுதான் உதவும் என்று தலைமையாசிரியை சொல்லியிருந்தார். முதல் பருவம் தொடங்குமுன் எந்தப் பாடப் பிரிவு என்று கல்லூரிக்குச் சொல்லிவிட வேண்டும். அப்புறம் மாற்ற முடியாது.

அதைச் சொல்ல வேண்டியது நானில்லை, பெரியப்பாதான். குடும்பத்தில் அவர் வைத்ததுதான் சட்டம். அவர் உட்காரச் சொன்னால்தான் என் நைனா உட்காருவார்.

"சமையலு, தையலு எல்லாம் ஒரு பிரிவா வச்சிகீறாங்களாமே, அத்த எடுக்கட்டும். ஊட்ட நடத்தறதும் நிர்வாகந்தான்" என்றார் பெரியப்பா. பிறகு நைனாவைப் பார்த்து, "தர்க்கம்னா இன்னாடா?" என்றார்.

"வாதாடறதுக்குப் படிப்புண்ணா."

"அதுக்குக் காலேஜு இன்னாத்துக்கு? இவ ஊட்லயே நல்லாத்தான பண்ணிகினு கீறா."

நைனா வழக்கம்போலத் தலையாட்டினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பெற்ற பெண்ணுக்காக ஒரு தடவையாவது வாயைத் திறந்தால் என்ன? நான் வாதாடினேன், சாப்பிடாமல் கிடந்தேன், சொம்பை உருட்டினேன். கடைசியில் பெரியப்பா சலித்துப்போய், "பூக்கட்டிப் பாத்துடலாம். அம்மன் சொல்லட்டும்" என்றார்.

பெண் கொடுப்பது, கிணறு வெட்டுவது எல்லாமே எங்கள் ஊரில் அப்படித்தான். இரண்டு பூவை இலையில் தனித்தனியாக மடித்து அம்மன் காலடியில் வைத்து, ஒன்றை எடுத்துப் பிரிப்பார்கள். மல்லிகை வந்தால் சமையல், செவ்வரளி வந்தால் தர்க்கம் என்று முடிவாயிற்று. பொட்டலம் கட்டுவது நைனா, எடுப்பது நான்.

எனக்கு உள்ளுக்குள் ஒரே குஷி. மல்லிகை இலைக்குள் இருந்தாலும் மணக்கும். அரளிக்கு அந்த வாசமில்லை. மணக்காத பொட்டலத்தை எடுத்தால் வேலை முடிந்தது. இவ்வளவு சுலபமாகத் தோற்கப் போகிறாரே என்று பெரியப்பாமேல் பரிதாபம்கூட வந்தது.

மறுநாள் கோயிலில் நான் கும்பிட்ட கும்பிடு அப்படி. மூக்கு பொட்டலத்தில் இடிக்கிற அளவுக்குக் குனிந்தேன்.

"பக்தியப் பாருடா" என்றார் பெரியப்பா.

பக்தி ஒரே நொடியில் வற்றிவிட்டது. இரண்டுமே மணக்கவில்லை. மறுபடி குனிந்து மோந்தேன். கற்பூர வாசனைதான் வந்தது. எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. அண்ணன் மனம் கோணக்கூடாதென்று நைனா இரண்டிலும் நந்தியாவட்டையை வைத்துக் கட்டிவிட்டார். அதுவும் வெள்ளைதானே, எதை எடுத்தாலும் மல்லிகைக் கணக்கில் சேர்த்துச் சமையல் என்று சொல்லிவிடலாம். திரும்பி அவரை முறைத்தேன். அவர் கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டிருந்தார். இந்த ஜென்மத்தில் அவரோடு பேசுவதில்லை என்று முடிவுகட்டி, கைக்கு வந்ததை எடுத்து வெடுக்கென்று பிரித்தேன்.

செவ்வரளி.

பெரியப்பா கன்னத்தில் போட்டுக்கொண்டார். நான் மற்றதையும் பிரிக்கக் கையை நீட்டினேன். அதற்குள் நைனா அதை எடுத்துவிட்டார். "அத்தப் பிரிக்கக்கூடாது, சாமி குத்தம். ஏரியில வுட்டுடறேன்" என்றார்.

கல்லூரியில் கொண்டுபோய் விட நைனாதான் வந்தார். ஆவடியில் பட்டாளத்துக் கொட்டகைகள் முளைத்துக்கொண்டிருந்த காலம் அது. ரயிலெல்லாம் சிப்பாய்கள் கூட்டம் என்று சீக்கிரமே ஸ்டேஷனுக்குப் போய்விட்டோம். டிக்கெட்டை எடுக்க நைனா சட்டைப் பைக்குள் கையை விட்டபோது, காய்ந்த இலைப் பொட்டலம் ஒன்று கீழே விழுந்து பிரிந்துகொண்டது. உள்ளே வதங்கிக் கிடந்தது ஒரு செவ்வரளி.

நான் அவரையே பார்த்தேன். அவர் தண்டவாளத்தைப் பார்த்தார்.

"ஏரியில வுடலையா நைனா?"

"மறந்துட்டேன்" என்றார். குனிந்து பூவை எடுத்துத் திரும்பப் பையில் போட்டுக்கொண்டார். "மல்லிய வச்சிருந்தாலும் நீ மோந்தே கண்டுபுடிச்சிருப்ப. இருந்தாலும் ஒன் மூக்க நம்ப முடியுமா?" என்றார்.

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. கோயிலில் அவரை முறைத்த முறைப்பை நினைத்து வெட்கமாக இருந்தது. தூரத்தில் ரயில் தெரிந்தது. நைனா பெட்டியைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டார்.

"பெரியப்பா கேட்டா இன்னா சொல்றது நைனா?"

"சாமி சொல்லிச்சின்னு சொல்லு" என்றார். "ரெண்டு தபா சொல்லிச்சின்னு மட்டும் சொல்லாத."