யோங் பெங்கில் ஒரு சனிக்கிழமைக்காக ஆடிய ஆட்டம்

என் தங்கை சரசு யோங் பெங் பக்கத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றில் வாழ்க்கைப்பட்டவள். 1935-இல் பொங்கல் முடிந்த கையோடு ஆள் விட்டுச் சொன்னாள்: "ஞாயித்துக்கிழம பொம்பளைங்க நாங்க பந்து ஆடுறோம். நீ வந்தே ஆகணும்க்கா." ஜோகூர் பாருவில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த எனக்குச் சிரிப்புத் தாளவில்லை. சரசு ஓடி நான் பார்த்ததே இல்லை. இதைத் தவறவிடலாமா? வீட்டுக்காரரிடம் சோற்றுப் பானையை ஒப்படைத்துவிட்டுக் கிளம்பினேன்.

காலை ஆறரைக்கு பஸ். கட்டணம் ஒரு வெள்ளி இருபது காசு, தூரம் எழுபது மைலுக்குக் கொஞ்சம் குறைவு. வலது பக்கம் உட்காராதீர்கள், காலை வெயில் முழுக்க உங்கள் முகத்தில்தான் அடிக்கும். நேரத்துக்குப் போய்ச் சேருமா என்று சீன ஓட்டுநரிடம் கேட்டேன். "சம்பாய் லா, அம்மா, சம்பாய்!" என்று, சேர்ந்துவிடும் என மலாயில் அடித்துச் சொன்னார். சொல்லிவிட்டு வழியில் ஆயர் ஈத்தாமில் இறங்கி நிதானமாகக் காப்பி குடித்தார்.

யோங் பெங்கிலிருந்து தோட்டத்துக்கு மூன்று மைல், மாட்டுவண்டிதான். வண்டிக்காரரிடம் பந்தாட்டம் பார்க்கப் போகிறேன் என்றேன். "அஞ்சலை ஆட்டத்துக்கா? ஏறுங்க, நானும் அங்கதான் போறேன். காசெல்லாம் வேணாம்" என்றார். வழி நெடுக அஞ்சலை புராணம்தான்.

தோட்டத்து ஆண்கள் அணியில் ஒரு வருடம் ஒருவர் காய்ச்சலில் படுத்துவிட்டார். எல்லைக்கோட்டில் நின்று கத்திக்கொண்டிருந்த அஞ்சலையை அவர் இடத்தில் இறக்கிவிட்டவர் மாரிமுத்துக் கங்காணி. காய்ச்சல்காரர் எழுந்து வந்த பிறகும் அஞ்சலையை வெளியே அனுப்ப யாருக்கும் மனம் வரவில்லை. "எடது பக்கம் அவ ஓடுனா எதிராளிங்க வாயப் பொளந்துக்கிட்டு நிப்பாங்க" என்றார் வண்டிக்காரர். ஆறு வருடம் ஆடியவர், சேற்றில் வழுக்கி முட்டி பிசகியதும் ஆட்டத்தை விட்டார். பெண்களுக்குச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினார். அதுவும் ரப்பர் காயவைக்கும் புகைக்கூடத்துக்குப் பின்னால், ஒரு சரிவில். பந்தை விட்டால் கீழே சதுப்பில் போய்த்தான் நிற்கும். சனிக்கிழமை சாயங்காலம் மட்டுமாவது ஆண்கள் ஆடும் திடலைக் கொடுங்கள் என்று கங்காணியிடம் கேட்டிருக்கிறார். கங்காணி போட்ட நிபந்தனை இது: தன்னுடைய வயசாளிகள் அணியை ஜெயித்தால் சனிக்கிழமை பெண்களுக்கு, இல்லாவிட்டால் அந்தப் பேச்சே கூடாது.

நான் போனபோது அஞ்சலை அக்கா கோட்டோரமாக நொண்டி நொண்டி நடந்துகொண்டிருந்தார். "வாம்மா, உக்காரு. எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. அந்தச் சரிவுலயே இன்னொரு வருசம்னா இந்தப் புள்ளைங்க விட்டுட்டுப் போயிடுங்க. பொறவு நான் யாருக்குச் சொல்லிக்குடுக்க?" என்றார். சிரிக்க வந்த நான் அப்போதே கட்சி மாறிவிட்டேன்.

சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வெறுங்காலோடு பெண்கள் இறங்கினார்கள். நன்றாகத்தான் ஆடினார்கள். ஆனால் ஒரு தடவை பந்து சரசுவுக்கும் அவள் தோழி பாப்பாத்திக்கும் நடுவில் விழுந்தது. இருவரும் நின்றுவிட்டார்கள். நீ எடு என்பதுபோல் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். மாரிமுத்துக் கங்காணி நடுவில் புகுந்து, அவசரமே இல்லாமல் கோல் போட்டார்.

ரப்பர்ப் பால் வெட்டும் வேலையில் ஆளுக்கு ஒரு நிரை, அதாவது ஒரு வரிசை மரம். அடுத்தவள் நிரையில் கைவைப்பது பால் திருடுவதற்குச் சமம். அந்தப் பழக்கம் அப்படியே திடலுக்கும் வந்துவிட்டது. கூட்டம் கைகொட்டிச் சிரித்தது. எனக்கு வந்த கோபத்தில் நானே இறங்கியிருப்பேன்.

இடைவேளையில் அஞ்சலை அக்கா திட்டவில்லை. "பக்கத்து நெரைக்காரி காய்ச்சல்ல படுத்துட்டா என்னடி செய்வீங்க?"

"நாங்கதான் சேத்து வெட்டுவோம்" என்றாள் சரசு.

"அப்ப இன்னைக்கு எல்லாருமே படுத்துட்டாங்கன்னு வச்சிக்கங்க. போங்க!"

அதன்பிறகு பந்து எங்கே விழுந்தாலும் அங்கே மூன்று சேலை. பாப்பாத்தி ஒரு கோல் போட்டுச் சமன் செய்தாள். கடைசியில் பின்வரிசையில் நின்ற என் தங்கை பந்தை உருட்டிக்கொண்டு, யார் இடம் என்று பார்க்காமல் திடலின் மறுமுனைவரை ஓடினாள். சரசுவா இது! அவள் தள்ளிவிட்ட பந்தைப் பாப்பாத்தி உள்ளே அடித்தாள். நான் போட்ட கூச்சலில் தொண்டை கட்டிப்போனது. வண்டிக்காரர் தலைத்துண்டைச் சுழற்றி எறிந்தார். யார் தலையில் விழுந்ததோ, பிறகு கிடைக்கவே இல்லை.

ஆட்டம் முடிந்ததும் கங்காணி மூச்சு வாங்கிக்கொண்டே பந்தை எடுத்துவந்து கொடுத்தார். "சனிக்கிழம ஒன்னுது, அஞ்சல."

"நெசமாவாண்ணே?" என்று கேட்டுவிட்டு அந்த அக்கா அழுதார். பந்தை இடுப்பில் வைத்துக்கொண்டு, வலிக்கும் காலோடு, திடலை முழுசாக ஒரு சுற்று வந்தார். நானும் அழுதேன். அவ்வளவு சந்தோஷமாக நான் அழுததில்லை.

போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தை. குடை கட்டாயம். தோட்டத்துக்குள் கடை கிடையாது, சாப்பாடு கட்டிக்கொண்டு போங்கள். சாயங்கால பஸ் சொன்ன நேரத்துக்கு வராது என்பதால், தங்க ஒரு வீடு பார்த்துவைத்துக்கொள்வது நல்லது. சனிக்கிழமையாகப் பார்த்துப் போங்கள். ஞாயிற்றுக்கிழமையும் ஆட்டம் உண்டு. அன்று ஆண்கள் ஆடுவார்கள், அதுவும் பரவாயில்லை.