எதிர்வீட்டுக்காரரின் கேள்விகள்

திருவெறும்பூரில் எனக்கும் என் கணவருக்கும் ஃபேக்டரி வேலை. ஒரு நாள் எதிர்வீட்டுக்காரர் மாடிப்படியில் என்னை நிறுத்தி, "இந்த வாரம் ரெண்டு பேருக்குமே செகண்ட் ஷிஃப்ட் போலிருக்குங்களே" என்றார். எனக்குச் சுருக்கென்றது. அவரிடம் நாங்கள் வேலையைப் பற்றிப் பேசியதே இல்லை. அப்படிப்பட்ட வாரங்களில் ஸ்கூல் விட்டு வந்து மகள் தனியாகத்தான் இருப்பாள்.

எட்டு வயதுக்காரியைக் கேட்டேன்.

"நான்தாம்மா சொன்னேன். தினமும் கதவைத் தட்டி, சாப்பிட்டியா, யார் கூட சண்டை, அம்மா எப்ப வருவாங்கன்னு கேப்பாரு."

அக்கறையா, நோட்டமா? "இத்தனை நாளா இதை ஏன்டி எங்கிட்ட சொல்லலை?" என்று அவள்மேல் எரிந்து விழுந்தேன்.

ஹோம்வொர்க் நோட்டிலிருந்து நிமிராமலே சொன்னாள்: "நீங்க எதுவும் கேக்க மாட்டீங்களே."